கித்தாரும் ஓக் மரமும்

மக்களிடையே உயர்வு தாழ்வு கற்பித்ததுபோலவே மரங்களிடையேயும் மனிதன் உயர்வு தாழ்வு கற்பித்திருக்கிறான். மேலைநாடுகளில் ஓக் மரம் நெடுங்காலமாக உழைக்கும் மரமாகவே எண்ணப்பட்டது. கப்பலின் விலாச்சட்டமும், மதுப் பீப்பாயின் பலகையும், வீட்டின் உத்தரமும் அம்மரத்தால் ஆயின. கித்தார் செய்வோரோ பெரும்பாலும் அதனை ஒதுக்கியே வைத்தனர். வாயிலில் வளர்ந்த ஓக்கை விட்டு, கடல் கடந்த வெப்பநாட்டுக் காடுகளின் தோதகத்தியையும் மகாகனியையும் நாடினர். அவ்வாறு ஒதுக்கியதற்குக் காரணம் ஒலிக்குறையா, மதிப்புக் குறைவா என்பது ஆராயத்தக்கது.

முதற்கண் கித்தார் ஒலிக்கும் முறையை அறிதல் வேண்டும். தந்தி மெல்லியது, அது தானாக அசைக்கும் காற்று மிகச் சிறிது. தந்தியின் அதிர்வு குதிரை வழியாக மேற்பலகைக்குச் செல்கிறது. அகன்ற அப்பலகை அதிர்ந்து காற்றை அசைப்பதாலேயே ஒலி பெருகுகிறது. ஆகவே மேற்பலகைக்கு இலேசானதும் விறைப்பானதுமாகிய ஸ்புரூஸ் மரத்தையே பெரிதும் கொள்வர். அடிப்பலகையும் பக்கப்பலகைகளும் காற்றறையை அமைத்து, ஒலிக்குத் துணை செய்கின்றன. ஓக் பற்றிய வழக்கு இத்துணைப் பலகைகளைப் பற்றியதே.

இத்துணைப் பலகைகளின் பங்கு எவ்வளவு என்னும் வினாவை முன்னரே எழுப்பியவர், இன்றைய கித்தாருக்கு வடிவம் தந்த ஸ்பானிய நாட்டுக் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892). 1862இல் அவர் ஒரு கித்தார் செய்தார். மேற்பலகை நல்ல மரம். அடியும் பக்கங்களுமோ வெறும் காகித அட்டை! ஒலியின் உயிர்நிலை மேற்பலகையே என்று மெய்ப்பிக்கவே அவ்வாறு செய்தார் என்பர். அக்கருவி பார்சிலோனா இசைக் காட்சியகத்தில் பேணப்படுகிறது.

இனி, ஓக் மரத்தின் இயல்பைக் காண்போம். ஒரு கன மீட்டர் வெள்ளை ஓக்கின் எடை சுமார் 750 கிலோகிராம். மகாகனி சுமார் 590. இந்தியத் தோதகத்தி சுமார் 830. ஆகவே ஓக் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. பீப்பாய் செய்வோர் நன்கு அறிந்தவாறு, வெப்பத்துக்கு அது இணங்கி வளையும். கித்தாரின் வளைந்த பக்கங்களுக்கு இது நற்பண்பு. குறைகளும் இல்லாமல் இல்லை. அதன் நுண்துளைகள் பெரியவை. மெருகேற்றுமுன் அவற்றை அடைத்தல் வேண்டும். தட்டிப் பார்த்தால் தோதகத்தி வெண்கலம்போல் நீள ஒலிக்கும். ஓக்கின் ஒலி விரைவில் அடங்கும். தட்டிப் பார்த்தே பலகை தேர்ந்த கைவினைஞர் அதனை விலக்கியதில் வியப்பில்லை.

ஆயினும் ஓக் முற்றும் விலக்கப்பட்டதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் சிக்காகோ நகரத் தொழிற்சாலைகள் ஓக் கித்தார்களைச் செய்தன. அவை விலை குறைந்தவை. எளிய குடும்பங்களுக்காக ஆக்கப்பட்டவை. அத்தகைய கருவிகளில் வேலைப்பாடும் விலைக்கேற்றதாகவே இருந்தது. ஒலி சிறவாதபோது குறை யாருடையது? விரைந்து செய்த கையினுடையதா, மரத்தினுடையதா? பழி மரத்தின்மேல் விழுவது எளிது. மலிவான கருவியின் மரம் மலிவான மரமாகவே எண்ணப்பட்டது.

மறுபுறம், உயர்ந்த மரம் என்னும் புகழே தோதகத்திக்குக் கேடாயிற்று. பிரேசில் நாட்டுத் தோதகத்தி அருகியது. 1833இல் தோன்றிய மார்ட்டின் நிறுவனம் 1969இல் இந்தியத் தோதகத்திக்கு மாறியது. நீலகிரி உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலைகளில் ஈட்டி என்று வழங்கும் மரமே அது. இவ்வாறு தமிழகத்தில் வளரும் ஒரு மரவினம் உலகக் கித்தார்களின் உடலாயிற்று. பிரேசில் மரம் 1992இல் பன்னாட்டு உடன்படிக்கையின் மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2017இல் இந்திய மரத்தின் வணிகமும் அவ்வுடன்படிக்கையின் கண்காணிப்புக்கு உட்பட்டது.

இச்சூழலில் ஓக் மீண்டும் மேடையேறியது. கலிபோர்னியாவைச் சேர்ந்த கித்தார் தொழிலர் பாப் டெய்லர், சரக்குப் பெட்டிகளை அடுக்க உதவும் பேலட் என்னும் மரத்தட்டு ஒன்றைக் குப்பையிலிருந்து எடுத்தார். அது ஓக். அதனை அறுத்து அடிப்பலகையும் பக்கங்களும் அமைத்தார். மேற்பலகைக்கும் இன்னதென்று இனம் தெரியாத ஒரு கட்டடச் சட்டத்தையே கொண்டார். ஆணித் துளைகளை மறைக்காமல், அவை தெரியுமாறு அலுமினிய வில்லைகளைப் பதித்தார். 1995இல் காட்சிக்கு வந்த அக்கருவி நன்றாகவே ஒலித்தது. கித்தாரின் சிறப்பு மரத்தின் பெயரில் மட்டும் இல்லை. வடிவமைப்பிலும் கைத்திறனிலும் உள்ளது என்பதே அவர் காட்ட விரும்பியது.

ஒரு கருவி சான்றாகாது என்று கூறுவார்க்கு 2018இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு விடை தந்தது. ஒரே வடிவமைப்பில் ஆறு கித்தார்கள் செய்யப்பட்டன; அடியும் பக்கங்களும் மட்டுமே வெவ்வேறு மரம். மங்கிய வெளிச்சத்தில், கறுப்புக் கண்ணாடி அணிந்த 52 கலைஞர் அவற்றை வாசித்து மதிப்பிட்டனர். விலைமிக்க பிரேசில் தோதகத்தியைக்கூட மற்றவற்றினும் சிறந்ததாக அவர்கள் மதிப்பிடவில்லை. அவ்வாறனுள் ஓக் இல்லை என்பது உண்மையே. ஆயினும், அரிய மரமே இனிய ஒலி தரும் என்னும் நம்பிக்கை தளர்ந்தது.

ஓக் தோதகத்தியினும் சிறந்தது என்பது இவற்றின் முடிவு அன்று. கேட்டுப் பாராமலே அதனைத் தாழ்த்தியது முறையன்று என்பதே முடிவு. மேற்பலகை நன்றாக, கை தேர்ந்ததாக இருப்பின் பீப்பாய் மரமும் பாடும். அவ்வுண்மை பரவுமளவுக்குக் காட்டில் எஞ்சிய தோதகத்தியும் தழைக்கும்.