கிண்டிக் காடும் வெளிமானும்

சின்னமலைத் திருத்தலத்தில் வழிபாடு முடித்து, சர்தார் படேல் சாலை வழியாக அடையாறு நோக்கிச் செல்வோர், வலப்புறத்தில் நெடிது நீளும் மதில் ஒன்றைக் கடந்தே செல்ல வேண்டும். மதிலின்மேல் மரக்கிளைகள் தெரியும். அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாது. பேருந்தில் இருப்போர் அதனைப் பொருட்படுத்துவதும் இல்லை. ஆயினும் அம்மதிலுக்கு உட்புறம் இருப்பது சென்னை மாநகரைவிட மூத்த ஒரு காட்டின் எச்சம். கிண்டி தேசியப் பூங்கா என்று இன்று நாம் அழைக்கும் அந்த 270 ஹெக்டேர் நிலம், நம் நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களுள் ஒன்று.

போர்த்துக்கீசியர் 1551இல் சின்னமலையில் ஆலயம் எழுப்பியபோது சென்னப்பட்டினம் என்றோர் ஊர் பிறக்கவில்லை. 1670களில் ஆங்கிலேய ஆளுநர் வில்லியம் லாங்ஹார்ன் இக்காட்டின் ஒரு பகுதியைத் திருத்தித் தோட்டமும் மாளிகையும் அமைத்தார். அர்மீனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் படிகள் அமைத்துத் தந்தவரும் அவரே. பாலம் வந்தபின் திருப்பயணிகளுக்கு ஆற்றைக் கடப்பது எளிதாயிற்று. 1821இல் கிண்டி மாளிகையை அரசு விலைக்கு வாங்கியது. 1910இல் 505 ஹெக்டேர் பரப்பு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. சுற்றியிருந்த சிற்றூர்கள் எல்லாம் நகரமாகிக்கொண்டிருந்த காலத்தில் இக்காட்டைக் காத்தது எவருடைய இயற்கைப் பற்றும் அன்று. ஆளுநர்களின் வேட்டை விருப்பமே என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

சோழமண்டலக் கரையோரத்தில் ஒரு காலத்தில் பரந்து கிடந்த உலர் பசுமைமாறாக் காட்டின் துண்டு இது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளைக் கண்டு பழகியவர்க்கு இது புதர்க்காடாகவே தோன்றும். மரங்கள் உயர்ந்து வளர்வதில்லை. இலைகள் சிறியவை, தடித்தவை. களாவும் சூரையும் முள்ளாகப் பின்னிக் கிடக்கும். இடையிடையே பனை நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி வாழும் இச்செடிகள், சித்திரை வெயிலிலும் பசுமையை இழப்பதில்லை. வடக்கிலிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவி, குளிர்காலத்தில் இப்புதர்களின் அடியில் சருகைக் கிளறி இரை தேடும். காலையும் மாலையும் ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால் நம் முன்னோர் அதற்கு இட்ட பெயர் இது. கடிகாரத்தைக் கண்டபின்தான் இப்பெயர் பிறந்திருக்க வேண்டும். பறவையோ அதற்கு முன்பே நேரம் தவறாதிருந்தது.

விடுதலைக்குப்பின் இக்காடு சுருங்கிய வரலாறு நம்மைச் சிந்திக்க வைப்பது. பேராசைக்காரர் எவரும் இதனைக் கவர்ந்து கொள்ளவில்லை. 1958இல் ஒரு பகுதி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கென வழங்கப்பட்டது. அதே ஆண்டில், பிரதமர் நேருவின் விருப்பப்படி, மான்களுக்கும் சிறுவர்க்கும் பூங்கா அமைக்க மற்றொரு பகுதி வனத்துறைக்குச் சென்றது. 1961க்கும் 1977க்கும் இடையில், கல்வி நிறுவனங்களுக்கும் தலைவர்களின் நினைவிடங்களுக்குமாக ஏறத்தாழ 172 ஹெக்டேர் கைமாறியது. ஒவ்வொன்றும் நல்ல நோக்கம். எதையும் வேண்டாம் என்று சொல்ல நமக்கும் மனம் வந்திராது. 1978இல் எஞ்சியது தேசியப் பூங்காவாயிற்று. 1980களின் இறுதியில் ராஜ் பவனுக்கும் தொழில்நுட்பக் கழகத்திற்கும் பூங்காவிற்கும் இடையே மதில்கள் எழுந்தன.

இம்மதில்களின் பொருளை உணர வேண்டுமானால் இங்குள்ள இருவகை மான்களை நாம் அறிந்திருக்க வேண்டும். ஒன்று புள்ளிமான். மற்றொன்று வெளிமான், சங்க நூல்களின் முல்லைப் பாடல்களில் துணையோடு வரும் இரலை இதுவே என்பர். ஆண் கருநிறமும் முறுக்கிய கொம்பும் கொண்டது. பெண் மங்கிய பழுப்பு நிறமுடையது. வில்லிங்டன் பிரபு 1924இல் இவற்றைக் கிண்டியில் கொண்டுவந்து விட்டார் என்று கூறப்படுகிறது. எவ்வாறாயினும் இது நம் சமவெளிக்கு அந்நியமான விலங்கு அன்று. கோடிக்கரையில் 1967இல் சரணாலயம் அமைந்ததே இதற்காகத்தான்.

வெளிமான் என்னும் பெயரிலேயே அதன் வாழ்வு அடங்கியிருக்கிறது. திறந்த புல்வெளியில் நின்று, பகையைத் தொலைவிலேயே கண்டு, கால் வேகத்தால் தப்புவது அதன் இயல்பு. ஆண்மான் தனக்கென ஓரிடத்தை வரைந்துகொண்டு, பெண்மான்கள் காணும்படி நிமிர்ந்து நடப்பதும் வெட்டவெளியில்தான். புதர் மூடினால் அதற்குக் கண் மறைந்தது போலாகும். புள்ளிமானுக்கோ இடர் இல்லை. அது புல்லும் மேயும், தழையும் கடிக்கும், குரங்கு உதிர்த்த காயையும் பொறுக்கும். நிழலோரமே அதற்குப் போதும்.

காட்டைக் காக்க மதில் எழுப்பினோம்; உள்ளே மரமும் புதரும் செழித்தன; அயல்நாட்டிலிருந்து வந்த சீமைக்கருவேலும் கொடிப்பூண்டுகளும் தாமே இடம் பிடித்தன. புல்வெளி குறுகக் குறுகப் புள்ளிமான் பெருகிற்று, வெளிமான் ஒதுங்கிற்று. முன்னர் மூன்று வளாகங்களிலும் மாறி மாறி மேய்ந்த மந்தைகள், மதிலுக்கு இப்பாலும் அப்பாலுமாகப் பிரிந்தன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உயர்ந்த காப்புப் பெற்ற விலங்கு அது. சட்டம் வேட்டைக்காரனைத் தடுக்கும். முளைக்கும் புதரை அது தடுக்குமா? வெளிமானுக்காகச் சில இடங்களில் மரத்தை அகற்றிப் புல்லை வளர்க்க வேண்டும் என்றால், மரம் நடுவதையே அறமாகக் கற்ற நம் தலைமுறைக்கு அது எளிதில் செரிக்காது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இங்கும் மரங்களை வேரோடு சாய்த்தது. விழுந்த மரங்களுக்காக நகரம் வருந்தியது, அது இயல்பே. ஆயினும் சாய்ந்த இடங்களில் வெயில் தரையைத் தொட்டது. வெயில் பட்ட தரையில் மழைக்குப்பின் புல் முளைக்கும்.

உட்காட்டிற்குள் அனுமதியின்றி நாம் செல்ல இயலாது. சிறுவர் பூங்காவும் அதனை அடுத்த பாம்புப் பூங்காவும் எல்லோர்க்கும் திறந்திருக்கின்றன. குழந்தைகளுடன் செல்வோர், அங்கே காணும் மான் எவ்வகையது என்று பெயர் சொல்லிக் காட்டட்டும். தொழில்நுட்பக் கழக வளாகத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருப்போர்க்கு வேறொரு வாய்ப்பும் உண்டு. மாலையில் வெயில் தாழும் வேளையில், அங்குள்ள திறந்த திடலோரம் அசையாமல் நின்றால், முறுக்கிய கொம்புடைய கரிய ஆண்மான் ஒன்று தலை நிமிர்த்தி நிற்பதைக் காணக்கூடும்.