வலியறியாப் பாதமும் அதற்கேற்ற காலணியும்: இந்திய மருத்துவ வரலாற்றில் ஓர் இயல்

(நீண்ட பதிவு. மருத்துவ வரலாறு, தொழில்நுட்ப வரலாறு, சாதி குறித்த ஆய்வுகளில் ஈடுபட்டுள்ள மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதியது.)

புதுச் செருப்பு கடிக்கிறது என்கிறோம். கடிக்கும் செருப்பை இரண்டு நாளில் கழற்றி வைக்கிறோம், அல்லது கடித்த இடத்தில் எண்ணெய் தடவிப் பழக்குகிறோம். காலுக்கு இதமான காலணி எதுவென்று தீர்மானிக்கும் அதிகாரம் காலின் வலிக்கே உரியது என்பது இதற்குள் மறைந்திருக்கும் கருத்து. செருப்புக் கடைக்காரர் நடந்து பார்க்கச் சொல்வதும் அதனால்தான். கடியை உணரும் ஆற்றலையே இழந்துவிட்ட பாதத்திற்கு யார் செருப்புத் தேர்ந்தெடுப்பது? இக்கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முறையான விடை தேடப்பட்ட முக்கியமான களம் இந்தியாவின் தொழுநோய் மருத்துவமனைகள். இன்று நீரிழிவு நோயாளருக்கென விற்கப்படும் காலணிகளின் முன்னோர் அங்கேதான் இருக்கின்றனர்.

தொழுநோய்க் கிருமியை ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். ஆயினும் நோயாளரின் விரல்களும் பாதங்களும் சிதைவது ஏன் என்பதற்கு அடுத்த முக்கால் நூற்றாண்டுக்கும் தெளிவான விளக்கம் நிலைபெறவில்லை. சதை தானாகவே அழுகி உதிர்கிறது என்பது பொதுமக்களின் நம்பிக்கை. மருத்துவர் பலரும் அதிலிருந்து வெகுதூரம் விலகியிருக்கவில்லை. 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், மறு ஆண்டு செங்கற்பட்டை அடுத்த திருமணியில் ராபர்ட் காக்ரேனின் பொறுப்பிலிருந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்வையிட்டார். கைகால் ஊனங்களை எலும்பு அறுவை மருத்துவர்கள் ஏன் ஆராயவில்லை என்ற கேள்வி அங்கே எழுந்தது. தொடர்ந்த ஆண்டுகளில் வேலூரிலும், பின்னர் கரிகிரியில் அமைந்த ஷிஃபெலின் ஆய்வு மருத்துவமனையிலும் நடந்த பணிகள் எளிய ஒரு முடிவுக்கு வந்தன: நோய் நரம்பைத் தாக்குகிறது, நரம்பு செயலிழந்த உறுப்பை, வலி தெரியாத அன்றாட வாழ்க்கை சிதைக்கிறது.

பாதத்தில் இது நிகழும் விதத்தைச் சற்று விரிவாகக் காண வேண்டும். கணுக்காலின் உட்புற எலும்புக்குப் பின்னால் செல்லும் நரம்பு பழுதுபட்டால் உள்ளங்காலின் உணர்வு போய்விடும். அதே நரம்பு இயக்கும் சிறு தசைகளும் வலுவிழப்பதால் விரல்கள் கொக்கிபோல் வளையும். விரல்கள் தாங்க வேண்டிய எடை பாதத்தின் முன்பகுதியில், விரலடி எலும்புகளின் தலைப்பகுதியில் குவியும். நடக்கும்போது மிகுதியான அழுத்தம் பெறுவதும் முதலில் புண்ணாவதும் அவ்விடமே. வலியுள்ளவர் சற்று நொண்டி நடந்து எடையை வேறிடத்திற்கு மாற்றிக்கொள்வார். நொண்டுதல் நம்மைக் காக்கும் ஒரு செயல். உணர்விழந்தவர் நொண்டுவதில்லை, சீராக நடந்தே காலை அழித்துக்கொள்கிறார்.

பிராண்டும் அவருடன் பணியாற்றியோரும் பாதம் புண்படும் வழிகளை மூன்றாகப் பகுத்தனர். இறுக்கமான காலணி பலமணி நேரம் விடாது அழுத்துவதால் இரத்த ஓட்டம் தடைப்படுவது ஒன்று. ஆணி, முள், கல் போன்றவை சிறு பரப்பில் பெரும் அழுத்தம் தந்து கிழிப்பது இரண்டாவது. மிதமான அழுத்தம் ஆயிரக்கணக்கான காலடிகளில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்து, உள்ளே அழற்சியை உண்டாக்கி, இறுதியில் வெளியே வெடிப்பது மூன்றாவது. பெரும்பாலான புண்களுக்கு இம்மூன்றாவதே காரணம் என்ற தெளிவு காலணியின் நோக்கத்தையே மாற்றியது. முள் குத்தாமல் தடுப்பதோடு, ஒவ்வோர் அடியின் சுமையையும் உள்ளங்கால் முழுவதும் பரப்பித் தருவதும் காலணியின் கடமையாயிற்று.

ஏற்கெனவே புண்ணானவருக்கு ஓய்வு தேவை. ஆனால் அன்றாடக் கூலியில் வாழ்பவர் மாதக்கணக்கில் படுத்திருக்க இயலாது. இச்சிக்கலுக்கு மாவுக்கட்டு ஒரு விடையானது. பாதத்தோடு முழுமையாகப் பொருந்தும் மாவுக்கட்டிட்டு, நோயாளர் நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளங்கால் புண்ணை ஆற்றும் முறையை ஜோசப் கான் என்ற மருத்துவர் 1930களிலேயே இந்தியாவில் எழுதியிருந்தார். பிராண்ட் அதை மேம்படுத்திப் பின்னர் அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார். நீரிழிவுப் பாதப்புண்ணுக்கு மிகச் சிறந்த சிகிச்சைகளுள் ஒன்றாக உலகெங்கும் இன்று கருதப்படுவது இம்முறையே.

ஆறிய புண் திரும்பாமலிருக்கக் காலணி வேண்டும். மரக் காலணி உட்படப் பலவகைப் பொருள்கள் சோதிக்கப்பட்டன. நிலைபெற்றது எம்.சி.ஆர். எனச் சுருக்கி வழங்கப்பெறும் மைக்ரோசெல்லுலர் ரப்பர். எண்ணற்ற நுண்ணிய காற்றறைகள் கொண்ட ரப்பர் அது. நம் ஹவாய் செருப்பின் அடித்தட்டும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆனால் அதன் கடினம் மிகுதி. உணர்விழந்த பாதத்திற்கு ஷோர் அளவுகோலில் ஏறத்தாழ 15 பாகை மென்மை வேண்டும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து அழுத்தினால் பாதித் தடிமனுக்கு அமுங்க வேண்டும் என்பது களப்பணியாளரின் எளிய சோதனை. இம்மென்மையை மேலேயும், பெரும்பாலும் பழைய வண்டி டயரிலிருந்து வெட்டிய கடினமான அடித்தட்டைக் கீழேயும் வைத்தனர். மென்மை அழுத்தத்தைப் பரப்ப, கடினம் முள்ளைத் தடுத்தது. கால் விரலிடுக்கில் பற்றும் வார் தவிர்க்கப்பட்டது. வளைந்து வலுவிழந்த விரல்களால் அதைப் பற்ற முடியாது, செருப்பு கழன்றுபோனாலும் தெரியாது. எனவே குதிகாலைச் சுற்றி ஒரு வார் சேர்ந்தது. மேலும் ஒரு விதி: ஆணி அடிக்கலாகாது. தெருவோரத்தில் செருப்புத் தைப்பவர் பழுதுபார்க்கையில் அடிக்கும் சிற்றாணி ஒன்று மேலெழும்பினால், உணர்வுள்ளவர் அடுத்த அடியிலேயே அறிவார். உணர்விழந்தவர் மாலையில் இரத்தத்தைக் கண்டே அறிவார். ஆகவே தையலும் பசையும் மட்டுமே.

இங்கே இதம் என்ற சொல்லின் பொருள் இடம்பெயர்வதைக் கவனிக்க வேண்டும். உணர்வு குறைந்தவரைத் தாமே தேர்ந்தெடுக்கச் சொன்னால், பெரும்பாலும் தம் அளவினும் சிறிய காலணியையே எடுக்கிறார். இறுக்கிப் பிடித்தால்தான் காலில் ஏதோ இருப்பதாகத் தெரிகிறது. அவருக்கு இதமாகத் தோன்றுவதே அவருக்குக் கேடு. எனவே காலின் சாட்சியத்திற்குப் பதிலாக அளவீடு வந்தது. 1947இல் கனடா இராணுவத்தினரின் பாதங்களை ஆராய்ந்த ஹாரிஸ் உருவாக்கிய மைத்தடப் பாய், எடை குவியும் இடத்தை அடர்ந்த கறையாகக் காட்டியது. 1966இல் பிராண்ட் லூசியானாவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பின் அங்கே அளவீடு மேலும் கூர்மை பெற்றது. 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையை உள்ளங்காலில் தொட்டுப் பார்க்கும் சோதனை, 1986இல் அம்மருத்துவமனையைச் சேர்ந்த பர்க், சிம்ஸ் இருவரும் தொழுநோயாளரிடமும் நீரிழிவு நோயாளரிடமும் நடத்திய ஆய்வால் வலுப்பெற்றது. இன்று நீரிழிவு மருத்துவகங்களில் நம் பாதத்தைத் தொடும் இழை அதுவே.

இவ்வரலாற்றை ஒரு மேதையின் கண்டுபிடிப்புக் கதையாக முடித்துவிடுவது எளிது. அதில் இரண்டு செய்திகள் விடுபடும்.

முதலாவது, செருப்புத் தைத்தவரின் அறிவு. இந்தியச் சமூகம் தோல்தொழிலைத் தீண்டாமையோடு பிணைத்திருந்தது. பல பகுதிகளில் ஆதிக்க சாதியினரின் தெருவில் தலித்துகள் செருப்பணிந்து நடப்பதே தடுக்கப்பட்டிருந்தது. அத்தகைய சமூகத்தில் மருத்துவமனைக்குள் ஒரு செருப்புப் பட்டறை அமைந்து, மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் செருப்புத் தைப்பவரும் ஒரே பாதத்தைச் சுற்றி அமர்ந்தது சிறிய நிகழ்வன்று. நோயிலிருந்து மீண்டவர்களே அத்தொழிலைக் கற்றுச் செய்ததும் உண்டு. ஆனால் மருத்துவ இதழ்க் கட்டுரைகளில் ஆசிரியராக வருபவர் மருத்துவரே. ஒப்புநோக்க, 1968இல் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் உருவான செயற்கைப் பாதத்தின் வரலாற்றில், மருத்துவர் பி. கே. சேத்தியின் பெயரோடு கைவினைஞர் ராம்சந்திர சர்மாவின் பெயரும் நிற்கிறது. எனினும் 1981இல் மகசேசே விருது பெற்றவர் சேத்தி. வெறுங்காலோடு நடக்கவும் சம்மணமிடவும் குந்தி அமரவும் வேண்டும் என்ற உள்ளூர்த் தேவையிலிருந்து பிறந்த வடிவம் அது. கைவினையறிவு இல்லாமல் அந்த ரப்பர்ப் பாதம் இல்லை.

இரண்டாவது, அணிந்தவரின் மறுப்பு. கறுப்பு ரப்பரும் குதிவாரும் கொண்ட அச்செருப்பு, காலப்போக்கில் நோயின் அடையாளச் சின்னமாகிவிட்டது. பேருந்தில் ஏறுபவரின் காலைப் பார்த்தே இவர் தொழுநோயாளர் என்று அறிந்துவிடலாம். பாதத்தைக் காத்த பொருளே ஆளைக் காட்டிக்கொடுத்தது. பலர் அதை வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, சாதாரணச் செருப்போடு வெளியே சென்றனர். மருத்துவப் பதிவேடுகள் இதை ஒத்துழையாமை என்று குறித்தன. புண் வரட்டும், பெயர் வர வேண்டாம் என்ற கணக்கு அது. அவர்கள் வாழ்ந்த ஊரை அறிந்தவர்க்கு அதன் நியாயம் புரியும். பின்னாளில் வண்ண ரப்பரும் கடைகளில் கிடைக்கும் வடிவங்களும் புகுத்தப்பட்டது இம்மறுப்பின் விளைவே. அந்த வகையில் காலணியின் வடிவத்தைத் திருத்தியவர்களுள் நோயாளரும் அடங்குவர்.

1983இல் கூட்டுமருந்து சிகிச்சை தேசியத் திட்டமாயிற்று. 2005 டிசம்பரில், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து தொழுநோய் தேசிய அளவில் அகற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மருந்து கிருமியைக் கொல்லும். நெடுநாள் மரத்துப்போன உள்ளங்காலுக்கு உணர்வைத் திருப்பித் தராது. நோய் நீங்கியவருக்கும் செருப்பு ஆயுள் முழுவதும் வேண்டும். தேசியத் திட்டம் இன்றும் எம்.சி.ஆர். செருப்பு வழங்குவது அதனால்தான். இதற்கிடையில் உணர்விழந்த பாதங்களின் பெருந்தொகை வேறிடத்திற்கு நகர்ந்துவிட்டது. 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர். சென்னையில் நீரிழிவு நோயாளரிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வு, எம்.சி.ஆர். முதலிய மென்தட்டுகள் புதிய புண்களைக் கணிசமாகக் குறைப்பதைக் காட்டியது. தொழுநோயாளரின் காலில் இழிவாகப் பார்க்கப்பட்ட அதே ரப்பர், இன்று கண்ணாடிப் பேழைக்குள் மருத்துவக் காலணி என்ற மதிப்போடு விற்கப்படுகிறது. வீட்டுக்குள்ளும் கோயிலிலும் வெறுங்கால் என்ற பழைய சிக்கல் மட்டும் அப்படியே தொடர்கிறது. நண்பகல் வெயிலில் காய்ந்த கற்றளம் உணர்விழந்த காலைச் சுடுவது இன்றும் நிகழ்கிறது.

ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்களுக்கு ஒரு பரிந்துரை. மருத்துவமனைகளின் ஆண்டறிக்கைகளில் அறுவைப் பிரிவின் பக்கங்களோடு நின்றுவிடாமல், செருப்புப் பட்டறையின் கணக்கையும் படியுங்கள். எத்தனை இணை தைக்கப்பட்டன, யார் தைத்தனர், என்ன கூலி, எத்தனை இணை தேயாமல் திரும்பி வந்தன என்ற வினாக்களோடு படியுங்கள். தேய்ந்த செருப்பு நடந்த தூரத்தைச் சொல்லும். தேயாத செருப்பு அதை அணிய விடாத ஊரைச் சொல்லும்.