பந்தியும் லைனும்

குன்றத்தூர் மலைக்கோயிலில் முகூர்த்த நாளென்றால் அடிவாரத்தில் பைக் நிறுத்தக்கூட இடம் இருக்காது. அன்றைக்கு என் கல்லூரி வகுப்பின் கடைசி இரண்டு பெஞ்சுகள் காலி. மறுநாள் அதே பெஞ்சுகள் நிரம்பித் தூங்கும். சாயங்கால ரிசப்ஷனில் பரிமாறி, நள்ளிரவுக்கு மேல் எச்சில் இலை எடுத்து, மண்டபத்து மூலையில் கொஞ்சம் கண்ணயர்ந்து, காலை டிபன் பந்திக்கும் நின்றவர்கள். கேட்டரிங் பசங்க என்று ஊர் சொல்லும். என் அட்டெண்டன்ஸ் நோட்டை வைத்துக்கொண்டு முகூர்த்தப் பஞ்சாங்கமே எழுதிவிடலாம்.

அதே ஊரில் விடிவதற்கு முன்பே இன்னொரு கூட்டம் பஸ் நிறுத்தத்தில் நிற்கும். கழுத்தில் ஐடி கார்டு, தோளில் டிபன் பை. கம்பெனி பஸ் வந்ததும் ஏறி ஜன்னலில் தலை சாய்த்துவிடுவார்கள். அவர்களிலும் மாணவர்கள் உண்டு. பிளஸ் டூ முடித்த கையோடு, சம்பாதித்துக்கொண்டே டிப்ளமோ வாங்கலாம் என்ற நோட்டீஸைப் பார்த்துச் சேர்ந்தவர்கள். ஆறு நாள் ஷிப்ட், மிச்ச நேரத்தில் பாடம்.

முதல் கூட்டம் படித்துக்கொண்டே வேலை செய்கிறது, இரண்டாவது வேலை செய்துகொண்டே படிக்கிறது. எது முதலில் வருகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் வேலைக்குப் போகலாமா கூடாதா என்று மேடையில் பட்டிமன்றம் நடத்தலாம். இங்கே அந்தக் கேள்விக்குப் பெரும்பாலான வீடுகளில் இடமில்லை. எந்த வேலை, யார் சொல்லும் நேரத்தில் என்பதே கேள்வி.

வெளியூர்க்காரர் ஒருவருக்கு ஒன்று விசித்திரமாகத் தோன்றும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிஸான், சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான், சாம்சங் என்று பஸ் போகிற தூரத்தில் இத்தனை ஆலைகள். இவற்றில் ஒரு கல்லூரி மாணவனுக்கு நாலு மணி நேர வேலை கிடைக்காதா? கிடைக்காது. அசெம்பிளி லைன் அப்படிப்பட்டது. ஒவ்வொரு இடத்திலும் குறித்த நொடிக்குள் ஒரு வேலை முடிய வேண்டும். அங்கே நிற்பவர் பாதியில் கிளம்பினால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும். அதனால் லைனுக்கு முழு ஆள் வேண்டும், முழு ஷிப்ட் வேண்டும். அதுவும் இந்த வாரம் காலை, அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்து இரவு என்று சுழலும். காலைக் கல்லூரிக்குப் போகிறவன் ஒரு வாரம் சமாளிக்கலாம், மறுவாரம் முடியாது. ஆக ஆலைக்குள் அரைநாள் வேலை கிடையாது. அரைநாள் வேலையெல்லாம் ஆலையைச் சுற்றி இருக்கிறது: மெஸ், மொபைல் கடை, உணவு டெலிவரி, டியூஷன், கல்யாண மண்டபம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கல்யாணத்துக்கு ரிசப்ஷனும் முகூர்த்தமும் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. வாரத்துக்கு இரண்டு கல்யாணம் ஒத்துக்கொண்டால் 24 மணி நேரம். லைனில் எட்டு மணி வீதம் ஆறு நாளைக்கு 48; பஸ்ஸில் போக வர நாளைக்கு இரண்டு மணி சேர்த்தால் 60. அதற்கு மேல் பாடம், அதற்கு மேல் தூக்கம்.

இந்த ஊரிலிருந்து லண்டனுக்கு மேல்படிப்புக்குப் போகிற பையனுக்குக் கல்லூரி நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய விசாவே இடம் கொடுக்காது. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் இரண்டு வாரத்துக்கு 48 மணி. கனடாவில் 2024 நவம்பர் முதல் கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி. அந்த நாடுகள் மாணவன்மேல் உள்ள கரிசனத்தால் மட்டும் இப்படி மணியை எண்ணவில்லை, உள்ளூர்க்காரன் வேலை போய்விடக்கூடாது என்பதும் உண்டு. ஆனாலும் எண்ணுகிறார்கள். நம்மிடம் எண்ணப்படுவது ஒன்றுதான், 75 சதவீத வருகை. பையன் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தான் என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை நாள் வரவில்லை என்றே கேட்கிறோம். நானும்தான்.

பந்திக்கு ஒரு பலம் இருக்கிறது: மறுக்கலாம். நாளைக்கு அரியர் பரீட்சை, வரமுடியாதுண்ணா என்று போனில் சொன்னால் கேட்டரிங் மேஸ்திரி திட்டுவார், அடுத்த முகூர்த்தத்துக்கு மறுபடி கூப்பிடுவார். லைனில் அப்படிச் சொல்ல முடியாது. பந்தியின் பலவீனமும் அதிலேயே இருக்கிறது. அந்த வேலைக்குக் காகிதம் இல்லை. கொதிக்கும் ரசம் காலில் கொட்டினால் ஆஸ்பத்திரிச் செலவு அவனுடையது. மூன்று வருஷம் பரிமாறினாலும் ரெஸ்யூமில் எழுத ஒரு வரி சேராது.

லைனில் சேர்கிறவனுக்குக் காகிதம் உண்டு, அதைப் படித்துப் பார்க்க வேண்டும். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சியாளர் தொழிலாளி அல்ல. ஆனால் ஆலைப் பாதுகாப்பு விதிகள் அவருக்கும் பொருந்தும், காயம்பட்டால் இழப்பீடு உண்டு, உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் ஓ.டி. வாங்கக்கூடாது. 2019 விதித் திருத்தம் பட்டதாரி, பட்டப்படிப்புப் பயிற்சியாளருக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை என்றது; டிப்ளமோக்காரருக்கு 8,000. ‘டிரெய்னி’ என்ற ஒரே சொல்லுக்குள் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டவரும் இருப்பார், உட்படாத காண்ட்ராக்ட் ஆளும் இருப்பார். இரண்டும் வேறு என்பது சேரும்போது பிள்ளைக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் என் கணக்கு தடுமாறுகிறது. நள்ளிரவுப் பந்திக்கு எந்த வீடும் மகளை அனுப்பாது. ராத்திரி டெலிவரிக்கும் அப்படித்தான். படித்துக்கொண்டே வேலை என்பது இங்கே ஏறக்குறைய ஆண் பிள்ளைகளின் சலுகை. பெண்ணுக்கு டியூஷன் அல்லது துணிக்கடை, அவ்வளவுதான். லைனோ அவளுக்கு வாசலில் பஸ் அனுப்புகிறது, விடுதி தருகிறது. அந்த விடுதிகளின் லட்சணம் 2021 டிசம்பரில் தெரிந்தது. விடுதிச் சாப்பாட்டால் பலருக்கு உடம்புக்கு முடியாமல் போக, ஃபாக்ஸ்கான் பெண்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. கையில் சம்பளம், தனியாக ஒரு கட்டில், கேட்டுக்கொண்டு நிற்க அண்ணன் தம்பி இல்லாத ஒரு சாயங்காலம். இதை ஒரு பெண்ணிடம் போய், பட்டம்தான் முக்கியம், வேண்டாம் என்று சொல்ல எனக்கு நா எழாது.

நோக்கியாவை நினைத்தால் மட்டும் சொல்லத் தோன்றும். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய ஆலை 2014 நவம்பர் 1-ல் நின்றது. பிளஸ் டூவோடும் டிப்ளமோவோடும் உள்ளே போனவர்கள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்தார்கள். செல்போன் பூட்டத் தெரிந்த விரல்கள் இருந்தன, அடுத்த கம்பெனியில் காட்டப் பட்டம் இல்லை.

அரைநாள் படிப்பு, அரைநாள் வேலை என்பது தமிழ்நாட்டுக்குப் பழைய காயம். 1953-ல் ராஜாஜி தொடக்கப் பள்ளியை மூன்று மணி நேரமாகச் சுருக்கி, மிச்ச நேரம் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்றபோது, குலக்கல்வி என்று பெயர் வைத்து மாநிலமே எதிர்த்தது. 1954-ல் காமராஜர் வந்ததும் அது போயிற்று. இன்றைக்கு அரசுக் கலைக் கல்லூரிகள் பலவற்றில் ஷிப்ட் முறை, காலை ஷிப்டுக்கு மதியத்தோடு வகுப்பு முடிகிறது. மிச்ச அரைநாளில் யார் என்ன வேலைக்குப் போகிறார்கள் என்பதை இப்போது குலம் முடிவு செய்யவில்லை, வீட்டு வாடகை முடிவு செய்கிறது. இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று என் கடைசி பெஞ்சைப் பார்த்தால் சில நாள் சந்தேகம் வரும்.

புதுமைப் பெண் திட்டம் 2022-லும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் வந்தன. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். இரண்டு கல்யாணப் பந்தியின் கூலி. மாதத்தில் இரண்டு இரவை ஒரு பையனுக்குத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் என்று பார்த்தால் அது சிறிய விஷயமல்ல. பட்டத்துக்குள்ளேயே ஒரு செமஸ்டராவது ஆலையில் பயிற்சி, உதவித்தொகையோடு, கிரெடிட்டும் உண்டு என்று 2020-ல் யுஜிசி ஒரு வழிமுறை வெளியிட்டது. பந்தியின் சுதந்திரமும் லைனின் காகிதமும் ஓரளவு சேர்கிற இடம் அதுதான். பி.காம்., பி.எஸ்சி. படிக்கிற என் பிள்ளைகள் பக்கத்துச் சாலையில் ஓடும் கம்பெனி பஸ்ஸில் அப்படி ஏறிப் போக வேண்டும் என்பது என் ஆசை.

அதுவரைக்கும், ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்று ஒரு பையன் வந்து கேட்டால் பந்திக்குப் போடா என்றுதான் சொல்கிறேன். மறுக்க முடிகிற வேலைக்குப் போ. ஆனால் ஒரு சிக்கல். நவம்பர் பரீட்சை ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தத்தோடு வருகிறது. ஏப்ரல் பரீட்சை பங்குனி, சித்திரையோடு. கல்யாணமே இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் என் வகுப்பில் எல்லாரும் இருப்பார்கள், முழித்துக்கொண்டு. அப்போது பரீட்சை இருக்காது.