வம்சாவளி தேடல் (நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழர்)

வம்சாவளி தேடல் என்பது, ஒருவர் தம் தந்தை, பாட்டன், பூட்டன் என்று படிப்படியாக மேலேறி, முன்னோர் வாழ்ந்த ஊரையும் அவர்தம் உற்றாரையும் தக்க ஆதாரத்தோடு அறிந்துகொள்ளும் முயற்சியாகும். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பான் நகரையொட்டிய அம்பாங்கானிலும், லின்சம், லாபு, சிலியாவ் முதலிய தோட்டங்களிலும் பால்மரம் சீவிப் பிழைத்த தமிழ்க் குடும்பங்களில், இம்முயற்சி பெரும்பாலும் மூன்றாம் தலைமுறைக்கு மேலே செல்வதில்லை. கப்பலேறி வந்த பாட்டனின் பெயர் தெரியும். அவர் புறப்பட்ட ஊரின் பெயர் தெரியாது.

வம்சாவளி தெளிவாகத் துலங்கும் மக்களுக்குப் பிரெஞ்சுக் கனடியரை உதாரணமாகக் கூறுவர். கியூபெக் பிரதேசத்தில் 17-ஆம் நூற்றாண்டு தொட்டே ஞானஸ்நானம், விவாகம், நல்லடக்கம் ஆகிய மூன்றையும் பாதிரிமார் பதிவேட்டில் எழுதி வந்தனர். அவற்றைக் கொண்டு சிப்ரியான் தாங்கே என்னும் பாதிரியார் 1871 முதல் 1890 வரை ஏழு பாகங்களில் ஒரு வம்சாவளி அகராதியையே வெளியிட்டார். படைவீரருக்கு இடப்பட்ட பட்டப்பெயர் நாளடைவில் குடும்பப் பெயரையே விழுங்கிவிடும் சிக்கல் அவர்களிடமும் உண்டு. எனினும் மணமான பெண்ணையும் அவள் பிறந்தகப் பெயராலேயே பதிவு செய்தமையால், தாய்வழியும் அங்கே தொலையாமல் நின்றது. நம்மவர்க்கோ அத்தகைய ஏடு எதுவும் வாய்க்கவில்லை.

இதன் காரணத்தை அறியக் குடியேற்றத்தின் பூர்வ சரித்திரத்தைச் சற்று விரிவாகவே நோக்கவேண்டும். சிரம்பானை உள்ளடக்கிய சுங்கை ஊஜோங் வட்டாரத்தில் முதலில் காப்பியும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பரும் பெருகியபோது, தோட்டத் துரைமார் தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைத் தருவித்தனர். தொடக்கத்தில் இருந்த ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே வேரூன்றியிருந்த கங்காணி முறை அதன்பின் தனியாட்சி செலுத்திற்று. 1907-இல் ஏற்பட்ட தமிழ்க் குடியேற்ற நிதி, துரைமாரிடம் வசூலித்த வரியிலிருந்து கப்பற்செலவைக் கொடுத்தமையால், வந்தவர் கட்டணமின்றிப் பிரயாணம் செய்தனர். கண்காணி என்ற சொல்லின் திரிபே கங்காணி. தோட்டத்தில் சில காலம் உழைத்த ஒருவன், ஆள் சேர்க்கும் லைசென்சோடு தன் சொந்தக் கிராமத்துக்குத் திரும்பி, பங்காளிகளையும் மாமன் மச்சான்மாரையும் அக்கம்பக்கத்து ஊராரையும் திரட்டிக்கொண்டு, ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமின் வழியாகக் கப்பலேற்றுவான். திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு, தென்னார்க்காடு ஜில்லாக்களிலிருந்தே மிகப் பலர் வந்தனர். கங்காணியை வெறும் ஆள்பிடிப்பவன் என்று இகழ்வது வழக்கமாயினும், ஓர் ஊரின் சொந்தபந்தங்கள் லயம் எனப்பட்ட ஒரே குடியிருப்பு வரிசையில் அடுத்தடுத்த வீடுகளில் குடியமர்ந்தமைக்கு அவனே காரணம் என்பதையும், அதனால்தான் இன்று ஒரு குடும்பத்தின் ஊர் தெரிந்தால் பத்துக் குடும்பங்களின் ஊர் தெரிந்துவிடுகிறது என்பதையும் மறத்தலாகாது.

ஆயினும் ஏடு வாய்க்காமைக்கும் இம்முறையே காரணம். பிஜித் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றோருக்குத் தந்தை பெயரும் கிராமமும் குறித்த அனுமதிச் சீட்டு ஆள்தோறும் எழுதப்பட்டது. அவர்தம் பேரர்கள் அதனைப் பற்றிக்கொண்டே ஊர் சேருகின்றனர். கங்காணியோடு மலாயா வந்தவரோ பெரும்பாலும் கூட்டமாகவே கணக்கிடப்பட்டனர். 1922-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்பின் கோலாலம்பூரில் அமர்ந்த இந்திய அரசாங்க ஏஜெண்டின் ஆண்டறிக்கைகளில் தலைக்கணக்கு உண்டு, பெயர் இல்லை. 1938-இல் இந்திய அரசாங்கம் கூலியாட்கள் வருவதையே தடுத்துவிட்டது. பின்னர் ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்டவர்களோடு, அவர்கள் மட்டுமே அறிந்திருந்த ஊர்ப்பெயர்களும் மாண்டன.

ஆகவே தேடுவோர் அரசாங்க ஏட்டைவிட வீட்டையே முதலில் நாடவேண்டும். எல்லா அடையாளங்களிலும் உறுதியானது குலதெய்வம். தோட்டத்தில் பெண் பார்க்கச் சென்ற பெரியவர்கள், "உங்களுக்கு எந்தச் சாமி?" என்று முதலில் கேட்டதற்குக் காரணம், ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுவோர் பங்காளிகள், அவர்களுக்குள் கொள்வினை கொடுப்பினை கூடாது என்பதே. மாரியம்மனும் முனியாண்டியும் எங்கும் உள்ள தெய்வங்களாதலால் அவர்களைக் கொண்டு ஊரை அறிதல் அரிது. ஆனால் ஏரிக்கரையையோ ஒரு மரத்தையோ ஊர்ப்பெயரையோ அடைமொழியாகக் கொண்ட ஐயனார், கருப்பர், அம்மன் பெயர் பாட்டியின் வாயில் தங்கியிருக்குமாயின், அதுவே ஒரு முகவரியாகும். ஊரிலிருந்து பிடிமண் கொண்டுவந்து கோயில் எழுப்பிய குடும்பத்தில், மண் எடுத்த இடத்தைத் தவறாது கேட்டறிய வேண்டும்.

அடுத்தது பெயர். பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அச்சொல்லே பேரன் ஆயிற்று. இச்சம்பிரதாயத்தால் ஒரே பெயர் ஒன்றுவிட்டொரு தலைமுறையில் திரும்ப வருவதைக் கொண்டு, பதிவில்லாத பூட்டனின் பெயரையும் ஓரளவு ஊகிக்கலாம். குடும்பப் பெயர் நம்மிடம் இல்லாமையும், கிராணிமார் எனப்பட்ட தோட்ட எழுத்தர்கள் செவிக்கு எட்டியபடி ஆங்கில எழுத்தில் எழுதியமையும் சேர்ந்து, உடன்பிறந்த இருவரின் தந்தை பெயர் இரு விதமாய் அடையாள அட்டையில் நிற்பதும் உண்டு. எழுத்து வேறுபடுவதால் ஆள் வேறென்று முடிவுகட்டலாகாது.

மூன்றாவது மொய் நோட்டு. நீள்வாக்கில் கட்டிய நோட்டில், "செய்முறை" என்ற தலைப்பின்கீழ், கொடுத்தவர் பெயருக்கு முன்னே தோட்டத்தின் பெயரும், சிலருக்குச் சொந்த ஊரின் பெயரும் எழுதியிருக்கும். வெள்ளி இவ்வளவு, காசு இவ்வளவு என்று கணக்குக்காக எழுதிய அவ்வரிகள் உறவுமுறையின் பட்டியலாகவும் அமைகின்றன. பெயர் வெட்டிய பித்தளைச் செம்பு, சொந்த ஊருக்குப் பணம் அனுப்பிய மணியார்டர் ரசீது, போஸ்ட், தாலுக்கா, ஜில்லா என்று முடியும் பழைய கடித உறை ஆகியவையும் இவ்வகையின.

தாய்வழியே பெரிதும் தொலைந்துபோயிற்று. அதே நெகிரி செம்பிலானில் அதாட் பெர்பாத்தே என்னும் தாய்வழி மரபைப் பின்பற்றும் மலாய் மக்கள், "சுக்கு" எனப்படும் 12 குலப்பிரிவுகளாகத் தாயின் வழியே குலத்தைக் கணக்கிட்டு வழுவாமல் போற்றி வருகின்றனர். அவர்களுக்கு அருகிலேயே வாழ்ந்த நாம் பாட்டியின் ஊரைக் கேட்டு வைக்காதது பெருங்குறை.

ஊர் ஏறக்குறையத் தெரிந்தபின், சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் கோலாலம்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தையும் நாடலாம். தற்காலத்தில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன; மரபணுச் சோதனையும் வழக்கில் வந்துள்ளது, ஆயினும் அது கிராமத்தின் பெயரைச் சொல்வதில்லை.

அம்பாங்கானிலோ வேறெங்கோ லயத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயரும் குடும்பத்தார், தகரப் பெட்டியின் அடியில் கிடக்கும் மொய் நோட்டைப் பழைய தாளோடு போட்டுவிடாமல், அதன் முதல் பக்கத்திலேயே பாட்டி சொல்லும் சாமியின் பெயரையும் ஊரின் பெயரையும் தேதியிட்டு எழுதி வைப்பார்களாக.