'விண்டோஸைக் காணோமே!' - பென் டிரைவ் மூலம் டூயல் பூட்... மாட்டிக்கிட்டா மீள்வது எப்படி?

சேலம், நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் இன்ஜினீயரிங்கோ, பாலிடெக்னிக்கோ, பிசிஏவோ படிக்கிறீங்களா? அப்போ இந்த நிலைமை உங்களுக்குப் புதுசா இருக்காது. புராஜெக்ட்டுக்கு லினக்ஸ் வேணும். ஆனா விண்டோஸையும் விட முடியாது. லேப் ரெக்கார்டு, பிபிடி, அக்காவோட கல்யாண போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு. 'ரெண்டையும் வெச்சுக்கலாம்டா, ஒரு பென் டிரைவ் போதும்' என்கிறான் நண்பன். ராத்திரி 11 மணிக்கு ஆரம்பிக்கிறீங்க. 1 மணிக்கு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் மின்னுது. ரிவ்யூ காலையில!

பதறாதீங்க. இதில் முக்கால்வாசி சிக்கல்களில் உங்க ஃபைல்கள் பத்திரமாகவே இருக்கும். பதற்றத்தில் அழுத்துகிற அடுத்த பட்டன்தான் பெரும்பாலும் ஆபத்து.

டூயல் பூட் நமக்கு அப்படியொன்றும் அந்நியம் இல்லை. 2011 செப்டம்பர் 15-ம் தேதி தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது, மாணவர்கள் கைக்கு வந்த லேப்டாப்களில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தேதான் இருந்தன. ஆன் செய்தால் 'எது வேணும்?' என்று கேட்கும். நிறைய பேர் பாஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், சர்வீஸ் கடையில் கொடுத்து அதை அழித்துவிட்டார்கள் என்பது தனிக் கதை. இப்போது 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட, விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் மறுபடி லினக்ஸைத் தேடுகிறார்கள்.

நாமக்கல்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு லாரி போதும். வடநாட்டு லோடுக்குப் போகும் வண்டியில் டிரைவர்கள் ரெண்டு பேர். ஆனால், ஸ்டீயரிங்கில் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான். இப்போ யார் ஓட்டுவது என்று கேட்டுச் சொல்லும் ஆள்தான் 'கிரப்' என்ற சின்ன புரோகிராம். அந்த ஆள் குழம்பினால் வண்டி நிற்கும். அதனால் லோடு காணாமல் போய்விடாது.

தொடங்கும் முன்பே மாட்டுகிற இடம்

முதலில் பிட்லாக்கர். விண்டோஸ் 11 லேப்டாப்களில் நீங்கள் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். பயாஸில் 'செக்யூர் பூட்' போன்ற எதையாவது மாற்றினால், அடுத்த முறை 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது லேப்டாப்பை முதன்முதலில் செட்டப் செய்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கு உங்களுடையதுதானா? கடைக்காரரோ, சித்தப்பா பையனோ தன் மெயில் ஐடி போட்டு செட்டப் செய்து கொடுத்திருந்தால் கீ அங்கேதான் இருக்கும். அது கிடைக்காவிட்டால் டிஸ்க்கில் உள்ளதை மீட்க வழியே இல்லை. எனவே பயாஸுக்குள் நுழைவதற்கு முன்பே அந்தக் கீயை மொபைலில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான ஃபைல்களை வேறொரு டிஸ்க்கிலோ, கிளவுடிலோ காப்பி செய்துவிடுங்கள்.

அடுத்தது, 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் இருக்கும். இது ஆனில் இருந்தால், ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுசாக மூடாது, அரைத் தூக்கத்தில் இருக்கும். லினக்ஸிலிருந்து சி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. ஆஃப் செய்துவிடுங்கள்.

லினக்ஸுக்கான இடத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'ஷ்ரிங்க்' செய்து ஒதுக்குவது நல்லது. உபுண்டுவுக்குக் குறைந்தது 25 ஜிபி. புராஜெக்ட் வேலைக்கு என்றால் 50 ஜிபி விடுங்கள். ஒதுக்கிய இடத்தை அப்படியே காலியாக விடணும், புது டிரைவ் எதுவும் உருவாக்க வேண்டாம். குறிப்பாக 2011, 2012-ல் வாங்கிய பழைய லேப்டாப் என்றால் அதன் டிஸ்க் எம்பிஆர் முறையில் இருக்கலாம். அதில் பிரைமரி பார்ட்டிஷன் நான்குதான் போட முடியும். ஐந்தாவதாக ஒன்றை உருவாக்கப் போனால், 'டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா?' என்று விண்டோஸ் கேட்கும். 'யெஸ்' கொடுத்துவிடாதீர்கள். லினக்ஸ் போடுவது அத்தோடு பெரும்பாடு ஆகிவிடும்.

பென் டிரைவ் தெரியவே இல்லையா?

இறக்கிய ஐஎஸ்ஓ ஃபைலை பென் டிரைவில் வெறுமனே காப்பி பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது. ரூஃபஸ், பலீனா எட்சர் போன்ற மென்பொருள்களில் ஏதாவது ஒன்றால் எழுத வேண்டும். 'வென்டாய்' மட்டும் விதிவிலக்கு. அதை ஒருமுறை பென் டிரைவில் போட்டுவிட்டால், பிறகு ஐஎஸ்ஓவைக் காப்பி செய்தாலே போதும். 8 ஜிபி பென் டிரைவ் தாராளம். தெருவோரத்தில் மலிவாக வாங்கிய '1 டிபி' பென் டிரைவை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே நிஜத்தில் இருப்பது சில ஜிபிதான் என்பது பாதி எழுதிய பிறகுதான் தெரியும்.

லேப்டாப்பே படுத்துவிட்டது, கையில் மொபைல் மட்டும்தான் இருக்கிறதா? ஆண்ட்ராய்டில் 'எட்ச்டிராய்டு' என்ற இலவச ஆப் இருக்கிறது. மொபைலிலேயே லினக்ஸ் ஐஎஸ்ஓவை இறக்கி, ஓடிஜி கேபிளில் பென் டிரைவை மாட்டி எழுதிவிடலாம். ரூட் செய்யத் தேவையில்லை. எழுதிய பென் டிரைவை விண்டோஸில் செருகினால் 'ஃபார்மேட் பண்ணணும்' என்று சொல்லும். கேன்சல் கொடுங்க. அது விண்டோஸுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

பூட் மெனுவுக்கு டெல், லெனோவாவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசஸில் பெரும்பாலும் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்யாவிட்டால், எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் அந்த மெனுவை முதலில் 'எனேபிள்' செய்யணும். சரியான நொடியில் அழுத்தப் பொறுமை இல்லையா? விண்டோஸில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, 'யூஸ் எ டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பூட் ஆனதும் திரை கறுப்பாகிவிட்டால் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு பிரச்னை. முதல் மெனுவிலேயே 'சேஃப் கிராபிக்ஸ்' இருக்கும், அதில் போங்கள்.

'எரேஸ் டிஸ்க்' என்ற குழி

இந்த இடத்தில் நிதானம் ரொம்ப முக்கியம். இன்ஸ்டாலர் வழக்கமாக 'விண்டோஸுடன் சேர்த்து நிறுவு' என்ற வாய்ப்பைக் காட்டும். சில நேரம் அது வராமல், 'டிஸ்க்கை அழித்து நிறுவு' மட்டும் நிற்கும். 'வேற வழி இல்லை போல' என்று அதை அழுத்தியவர்கள்தான் எல்லாவற்றையும் இழந்தவர்கள். அந்த வாய்ப்பு வரவில்லை என்றால் ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்று அர்த்தம். வெளியே வாருங்கள்.

என்ன பொருந்தவில்லை? விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் இருக்க, பென் டிரைவ் பழைய லெகஸி முறையில் பூட் ஆகியிருக்கலாம். விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் 'பயாஸ் மோட்' என்ற வரியைப் பாருங்கள். அதே முறையில் பென் டிரைவையும் பூட் செய்யணும். பிட்லாக்கர் பூட்டியிருப்பதும் ஒரு காரணம். முதலில் சொன்ன நான்கு பார்ட்டிஷன் எல்லையும்தான்.

டிஸ்க்கே தெரியவில்லை என்றால், இன்டெல் 11-ம் தலைமுறை முதலான லேப்டாப்களில் 'விஎம்டி' என்ற செட்டிங்கைச் சந்தேகப்படுங்கள். ஏசர் பயாஸில் இது ஒளிந்திருக்கும். மெயின் பக்கத்தில் கன்ட்ரோல், எஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் கண்ணில் படும். ஆனால், அதைச் சட்டென்று ஆஃப் செய்தால் விண்டோஸ் நீலத் திரை காட்டி நின்றுவிடும். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் எழும்படி வைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை திறந்து, பிறகு வழக்கமான முறைக்குத் திரும்புங்கள். ஏற்கெனவே நீலத் திரையா? பழைய செட்டிங்கையே மறுபடி வையுங்கள், எழுந்துவிடும்.

பேட்டரி செத்துப்போன பழைய லேப்டாப்பில், சார்ஜரை மட்டும் நம்பி இந்த வேலையில் இறங்காதீர்கள். பார்ட்டிஷன் மாறிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் மேலே சொன்ன எந்த ஆறுதலும் பொருந்தாது.

போட்ட பிறகு வரும் வம்புகள்

நேராக விண்டோஸுக்கே போகிறதா? லினக்ஸ் உள்ளேதான் இருக்கிறது. பயாஸின் பூட் வரிசையில் உபுண்டுவை 'விண்டோஸ் பூட் மேனேஜர்'க்கு மேலே ஏற்றுங்கள். மாறாக, மெனுவில் விண்டோஸைக் காணோமா? 2021-ல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற ஓஎஸ்களைத் தேடும் 'ஓஎஸ் புரோபர்' வசதியைப் பாதுகாப்புக் காரணத்துக்காக ஆஃப் செய்தே தருகிறார்கள். கிரப்பின் செட்டிங் ஃபைலில் அதை ஆன் செய்து, கிரப்பை அப்டேட் கொடுத்தால் விண்டோஸ் வந்துவிடும். அதுவரை பூட் மெனுவில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்து காலை ரிவ்யூவை முடியுங்கள்.

லினக்ஸ் வேண்டாம் என்று விண்டோஸிலிருந்தே அந்தப் பார்ட்டிஷனை அழித்தால் 'கிரப் ரெஸ்க்யூ' என்று வந்து நிற்கும். கேட்டுச் சொல்லும் ஆளின் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிப் போட்ட மாதிரி! புது லேப்டாப் என்றால் பயாஸில் விண்டோஸை முதலில் வைத்தால் போதும். பழைய எம்பிஆர் லேப்டாப்புக்கு விண்டோஸ் பென் டிரைவில் பூட் செய்து, ரிப்பேர் பகுதியில் பூட் ரெக்கார்டைச் சரிசெய்ய வேண்டும்.

சில நேரம் தப்பு உங்க பக்கமே இருக்காது. 2024 ஆகஸ்ட் 13-ம் தேதி வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, செக்யூர் பூட் ஆனில் இருந்த பல டூயல் பூட் கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் எழ மறுத்தது. 'ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது' என்ற ரீதியில் ஒரு மெசேஜ் வேறு. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக ஆஃப் செய்து லினக்ஸுக்குள் போய்ச் சரிசெய்ய வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட் முழுத் தீர்வு தந்தது 2025 மே மாதத்தில்தான்.

விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறதா? லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸோ அதை இந்திய நேரம் என்று படிக்கிறது. டைம் செட்டிங்ஸில் 'சிங்க் நவ்' அழுத்துங்கள். லினக்ஸில் வைஃபை வரவில்லை என்றால் மொபைலை கேபிளில் மாட்டி, 'யுஎஸ்பி டெதரிங்' போட்டு டிரைவரை இறக்கலாம். தமிழிலேயே லினக்ஸ் படிக்க நினைத்தால், 2012 முதல் கணியம் இணைய இதழ் இலவசமாக எழுதிவருகிறது.

கடைசியாக, 'எரேஸ்' அழுத்தியே விட்டீர்கள் என்றால்? அந்த லேப்டாப்பை உடனே ஆஃப் செய்யுங்கள். மேலே எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள்களால் தேடிப் பாருங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கில் ஓரளவு கிடைக்கும். எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் 'ஓஎஸ் போட்டுக் கொடுங்கண்ணா' என்று சொல்லாதீர்கள். 'டேட்டா வேணும், எதையும் ஃபார்மேட் பண்ண வேண்டாம்ணா' என்று ஒரு பேப்பரில் எழுதி, லேப்டாப் மேலேயே ஒட்டிக் கொடுங்கள்.