ஃபாரஸ்ட் ஜே. அக்கர்மன்: ஒரு திரைப்பட ரசிகரின் வரலாறு

ஃபாரஸ்ட் ஜே. அக்கர்மன் (24 நவம்பர் 1916 – 4 டிசம்பர் 2008) அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து மறைந்தவர். இதழாசிரியர், எழுத்தாளர்களின் முகவர், சேகரிப்பாளர் எனப் பல பணிகளைச் செய்தவர். ஆயினும் அறிவியல் புனைகதை உலகம் அவரை ரசிகர் என்ற ஒரே பெயரில்தான் நினைவில் வைத்திருக்கிறது. பெயர் சொல்லும்படியான படம் எதையும் அவர் இயக்கவில்லை. திரைப்படங்களைப் பற்றி அவர் எழுதியவையும் ஆழமான விமரிசனங்கள் அல்ல. ஏறக்குறைய எல்லாப் பேய்ப்படமும் அவருக்குப் பிடித்திருந்தது. அப்படிப்பட்ட ஒருவர் அமெரிக்கத் திரைப்பட வரலாற்றில் எப்படி இடம் பெற்றார் என்பது ஆராயத்தக்கது.

இளமை

ஐந்து வயதில், 1922இல், தாம் பார்த்த முதல் கற்பனைப் படம் 'ஒன் குளோரியஸ் டே' என்று அக்கர்மன் பிற்காலத்தில் கூறிவந்தார். அது மௌனப்படக் காலம். லான் சேனி தம் முகத்தைத் தாமே ஒப்பனையால் சிதைத்துக்கொண்டு நடித்த 'தி ஃபேண்டம் ஆஃப் தி ஆப்பரா' 1925இல் வந்தது. அடுத்த ஆண்டு, ஒன்பது வயதில், கடையில் தொங்கிய 'அமேசிங் ஸ்டோரிஸ்' இதழின் அக்டோபர் பிரதியைச் சிறுவன் வாங்கினான். ஹியூகோ கெர்ன்ஸ்பேக் நடத்திய அந்த இதழ் முழுக்க முழுக்க அறிவியல் கதைகளுக்கென்றே தொடங்கப்பட்டது.

இங்கே மாணவர்கள் ஒரு சிறு செய்தியைக் கவனிக்கலாம். கெர்ன்ஸ்பேக்கின் இதழ் வாசகர் கடிதங்களை எழுதியவரின் முகவரியோடு அச்சிட்டது. ஓர் ஊரில் தனியே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த பையனுக்கு, வேறோர் ஊரில் தன்னைப்போல் இன்னொருவன் இருப்பது இப்படித்தான் தெரியவந்தது. அவர்கள் ஒருவருக்கொருவர் நேரடியாகக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். அக்கர்மனின் முதல் கடிதம் 1929இல், கெர்ன்ஸ்பேக்கின் வேறொரு இதழில் அச்சானது. 1930இல் அவர் சிறுவர்களுக்கான அறிவியல் புனைகதைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அமெரிக்காவில் ரசிகர் இயக்கம் என்று பின்னர் பெயர்பெற்றதன் வேர் இந்தக் கடிதப் போக்குவரத்தில் இருக்கிறது.

லாஸ் ஏஞ்சல்ஸ் ரசிகர்கள் கையால் தட்டச்சு செய்து நடத்திய 'இமாஜினேஷன்' என்ற சிற்றிதழில் 1938இல் ஒரு பதினேழு வயதுப் பையனின் முதல் கதை வெளிவந்தது. அந்தப் பையன் ரே பிராட்பரி. மறு ஆண்டு நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தபோது, பிராட்பரி அங்கே போய்வரப் பணம் கடனாகக் கொடுத்தவரும் அக்கர்மன்தான். சுமார் 200 பேர் கூடிய அந்த மாநாட்டுக்கு அக்கர்மனும் அவர் தோழி மிர்ட்டில் டக்ளஸும் வருங்கால மனிதர்களைப் போன்ற உடையணிந்து சென்றனர். உடைகளைத் தைத்தவர் மிர்ட்டில். எச். ஜி. வெல்ஸ் எழுதி 1936இல் வெளியான 'திங்ஸ் டு கம்' படமே அவற்றுக்கு முன்மாதிரி. இன்று உலகெங்கும் ரசிகர்கள் தமக்குப் பிடித்த பாத்திரங்களாக வேடமிட்டு மாநாடுகளுக்கு வருகிறார்களே, அந்த வழக்கத்தின் தொடக்கமாக இவ்விருவரையும் குறிப்பிடுவர். புகழ் பெரும்பாலும் அக்கர்மனுக்கே போய்ச் சேர்ந்தது. ஊசி பிடித்த பெண்மணியின் பெயர் வெகுகாலம் அடிக்குறிப்பிலேயே இருந்தது.

1953இல் ஹியூகோ விருதுகள் முதன்முதலாக வழங்கப்பட்டபோது முதன்மை ரசிகர் என்ற விருது அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு காரில் போகும்போது வானொலியில் 'ஹை-ஃபை' என்ற சொல்லைக் கேட்டார். அதே ஓசையில் 'சை-ஃபை' என்று அவர் வாயில் வந்தது. இச்சொல் நிலைக்காது என்று மனைவி வெண்டேன் சொன்னாராம். அது நிலைத்துவிட்டது. அறிவியல் கதை எழுதுவோர் பலருக்கு அந்தச் சொல்லின்மீது இன்றுவரை வெறுப்பு உண்டு. தங்கள் இலக்கியத்தை அது விளையாட்டுப் பொருளாக்கிவிட்டது என்பது அவர்கள் குறை.

ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் இதழ்

1957ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. யுனிவர்சல் நிறுவனத்தின் பழைய திகில் படங்கள் 52 ஒரே தொகுப்பாக உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்கப்பட்டன. 1931இல் வந்த 'டிராகுலா', 'ஃபிராங்கன்ஸ்டைன்' ஆகிய இரண்டும் அவற்றுள் அடங்கும். பெற்றோர் தம் இளமையில் கொட்டகையில் பார்த்துப் பயந்த படங்களைப் பிள்ளைகள் வீட்டுக்கூடத்தில் நள்ளிரவு வரை விழித்திருந்து பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் ஜேம்ஸ் வாரன் என்ற இளம் பதிப்பாளர், பேய்ப்படங்களைப் பற்றி ஒரே ஒரு சிறப்பிதழ் போட்டுக் கைகழுவிவிடலாம் என்று எண்ணினார். ஐரோப்பாவிலிருந்து அக்கர்மன் கொண்டுவந்திருந்த பிரெஞ்சுத் திரைப்பட இதழ் ஒன்று அதற்குத் தூண்டுதல். அக்கர்மன் பொறுப்பாகவே எழுத விரும்பினார். வாரனோ, வாங்கப்போகிறவன் பதினோரு வயதுப் பையன், அவனைச் சிரிக்க வை என்றார். ஆகவே 'ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்' என்ற அந்த இதழ் சிலேடையும் கேலியுமாக, 35 சென்ட் விலையில் 1958 பிப்ரவரியில் வெளிவந்தது. விற்பனை எதிர்பார்ப்பை மீறியது. ஒரே இதழோடு முடிய வேண்டியது 1983 வரை நடந்து 191 இதழ்கள் கண்டது.

இந்த இதழின் பெறுமதி இன்றைய வாசகருக்கு எளிதில் விளங்காது. அன்று வீட்டில் வைத்துப் பார்க்க ஒளிநாடா கிடையாது. ஒரு படம் ஓர் இரவு தொலைக்காட்சியில் வரும், போய்விடும். மறுபடி எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. பார்த்த படத்தைத் திரும்ப எண்ணிப்பார்க்க ஒரே வழி நிழற்படங்கள்தாம். அக்கர்மன் சிறு வயது முதல் சேர்த்த ஆயிரக்கணக்கான நிழற்படங்கள் அவர் வீட்டில் இருந்தன. அவற்றைப் பக்கம் பக்கமாக அச்சிட்டார். கூடவே, அந்த அரக்க முகத்தைச் செய்த ஒப்பனைக்காரர் யார், அந்தக் குரங்குப் பொம்மையை அசைத்தவர் யார் என்றும் எழுதினார். 'கிங் காங்' படத்தில் குரங்கை ஆட்டிவைத்த வில்லிஸ் ஓ'பிரையன், ஃபிராங்கன்ஸ்டைன் உருவத்தின் முகத்தை வடித்த ஜாக் பியர்ஸ் ஆகியோரின் பெயர்கள் சிறுவர்களுக்கு இப்படித்தான் அறிமுகமாயின. நடிகர்களின் பெயர் மட்டுமே தெரிந்த காலத்தில் இது சாதாரணச் செயலன்று.

1965இல் இவ்விதழின் சார்பில் டிக் ஸ்மித் என்ற ஒப்பனைக் கலைஞர் எழுதிய கையேடு வெளியாயிற்று. வீட்டுச் சமையலறையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே பேய்முகம் செய்வது எப்படி என்று அதில் இருந்தது. அதைப் பார்த்துப் பழகிய சிறுவர்களில் ஒருவர் ரிக் பேக்கர். சிறந்த ஒப்பனைக்கென்று ஆஸ்கர் விருது 1982இல் ஒரு தனிப் பிரிவாகத் தொடங்கப்பட்டபோது, 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' படத்துக்காக அதைப் பெற்றவர் அவரே.

பிடித்ததும் பிடிக்காததும்

அக்கர்மனின் இதழில் எந்தப் படமும் தோல்வியடைந்ததில்லை எனலாம். அரும்படமும் அரைகுறைப் படமும் ஒரே உற்சாகத்தோடு வரவேற்கப்பட்டன. இது அவருடைய பெரிய குறை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். குறைதான், ஐயமில்லை. ஒரு பையனுக்கு எது நல்ல படம், எது ஏமாற்று என்று சொல்லித்தருவது ஆசிரியரின் கடமையல்லவா?

ஆனால் அந்தக் குறையை நிரப்பியவர்கள் அவருடைய வாசகர்களே. ஜோ டான்டே என்ற பள்ளி மாணவர், தாம் பார்த்தவற்றுள் மிக மோசமான திகில் படங்களைப் பட்டியலிட்டு ஒரு நீண்ட கடிதம் அனுப்பினார். அக்கர்மன் அதை ஒதுக்கவில்லை. 1962இல் 18ஆம் இதழில் 'டான்டேஸ் இன்ஃபெர்னோ' என்ற தலைப்பிட்டுக் கட்டுரையாகவே வெளியிட்டார். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் நரகத்தை வைத்து ஒரு சிலேடை! எல்லாவற்றையும் புகழ்ந்த இதழ், இகழ்ந்த பையனுக்கும் பக்கம் கொடுத்தது. பின்னர் அதே டான்டே, 'காசில் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' என்ற போட்டி இதழில் சிறு விமரிசனங்கள் எழுதினார். அவ்விதழ் படங்களைத் தரம்பிரித்துப் பேசியது. 1970இல் தொடங்கிய 'சினிஃபென்டாஸ்டிக்' இன்னும் கறாரானது. 1981இல் டான்டே 'தி ஹௌலிங்' என்ற ஓநாய்மனிதப் படத்தை இயக்கினார். அதில் புத்தகக் கடைக் காட்சியொன்றில் ஒரு முதியவர் 'ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ்' பிரதிகளோடு நிற்பார். அவர் அக்கர்மன்.

மற்றொரு பையன், அக்கர்மன் நடத்திய 'ஸ்பேஸ்மென்' என்ற இன்னோர் இதழுக்குக் கதை அனுப்பினான். அது அப்போது அச்சாகவில்லை. அக்கர்மன் தூக்கியெறியவும் இல்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, புத்தகக் கடையொன்றில் வாசகர்களுக்குக் கையெழுத்திட்டுக்கொண்டிருந்த பிரபல எழுத்தாளரின் முன் வரிசையில் நின்று, அந்தத் தட்டச்சுத் தாள்களை நீட்டிக் கையெழுத்து வாங்கினார். எழுத்தாளர் ஸ்டீஃபன் கிங்.

நல்லது கெட்டது பிரிக்காத மனம் எதையும் எறிந்துவிடாது. விமரிசகர் தேர்ந்தெடுத்து வைப்பார். அக்கர்மன் போன்றவர் எல்லாவற்றையும் வைப்பார். எது பிற்காலத்துக்கு வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே அறிய முடியாதபோது, இரண்டாமவரின் பழக்கமே உதவியாக இருந்திருக்கிறது.

காணாமற்போன படம்

லான் சேனி நடித்து, டாட் பிரௌனிங் இயக்கி 1927இல் வெளியான 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' இதற்கு எடுத்துக்காட்டு. அதன் கடைசிப் பிரதி என்று அறியப்பட்டது 1960களில் எம்.ஜி.எம். நிறுவனத்தின் சேமிப்பறைத் தீவிபத்தில் அழிந்தது. வெளியான காலத்தில் விமரிசகர்கள் அதைப் பெரிய படமாகக் கருதவில்லை. ஆனால் உயரத் தொப்பியும் கூரிய பற்களுமாகச் சேனி நிற்கும் நிழற்படங்களை அக்கர்மன் தம் இதழில் திரும்பத் திரும்ப அச்சிட்டார். பார்த்திராத தலைமுறை அந்தப் படத்துக்காக ஏங்கத் தொடங்கியது. 2002இல் எஞ்சிய நிழற்படங்களை மட்டும் வரிசைப்படுத்தி, கதையை ஒருவாறு காட்டும் ஒரு வடிவம் தொலைக்காட்சிக்காக உருவாக்கப்பட்டது. படம் இன்னும் கிடைக்கவில்லை.

வீடு

லாஸ் ஏஞ்சல்ஸில் லாஸ் ஃபெலிஸ் பகுதியில் இருந்த அவரது பதினெட்டு அறை வீட்டை 'அக்கர்மேன்ஷன்' என்று அழைத்தனர். புத்தகங்களும் பொருள்களுமாகச் சுமார் 3,00,000 உருப்படிகள் அங்கே இருந்ததாகக் கூறுவர். பெலா லுகோசி அணிந்த டிராகுலா மோதிரம், 'கிங் காங்' படத்துக்குச் செய்த உருவங்கள், 'மெட்ரோபோலிஸ்' படத்து இயந்திரப் பெண்ணின் மாதிரி எல்லாம் இருந்தன. சனிக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. வந்தவர்களில் சிலர் பொருள்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனதும் உண்டு.

இவற்றையெல்லாம் ஓர் அருங்காட்சியகமாக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். பல முறை முயன்றும் எந்த நிறுவனமும் பொறுப்பேற்கவில்லை. முதுமையில் நோயும், பழைய இதழின் பெயர் தொடர்பான வழக்கின் செலவும் சேர்ந்துகொண்டன. 2002ஆம் ஆண்டளவில் பெரும்பகுதியை விற்றுவிட்டுச் சிறிய வீட்டுக்குக் குடிபோனார். அங்கும் மிஞ்சியவற்றை வைத்துச் சனிக்கிழமைதோறும் கதவைத் திறந்தார். அவர் இறந்த மறு ஆண்டு எஞ்சிய பொருள்களும் ஏலத்துக்கு வந்தன. ஒரே கூரையின்கீழ் இருந்தது பல வீடுகளுக்குச் சிதறிப்போயிற்று.

மெட்ரோபோலிஸ்

எல்லாப் படமும் பிடித்தவருக்கு எல்லாவற்றிலும் மேலாகப் பிடித்தது, ஃபிரிட்ஸ் லாங் ஜெர்மனியில் எடுத்த 'மெட்ரோபோலிஸ்'. நூறு முறைக்கு அருகில் பார்த்திருப்பதாகச் சொல்லிக்கொள்வார். ஆனால் அவர் பார்த்தது முழுப் படமன்று. 1927 ஜனவரியில் பெர்லினில் முதலில் காட்டப்பட்ட பிறகு படம் நீளமென்று வெட்டப்பட்டது. அமெரிக்காவுக்கென்று கதையே மாற்றித் தொகுக்கப்பட்டது. ஏறத்தாழக் கால் பங்கு தொலைந்துபோனதாகவே எண்பது ஆண்டுகள் கருதினர்.

வெட்டப்படாத பிரதி ஒன்று 1928இல் விநியோகஸ்தர் ஒருவரால் அர்ஜென்டினாவுக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தது. மானுவேல் பேன்யா ரொட்ரிகெஸ் என்ற திரைப்பட விமரிசகர் அதைத் தம் சொந்தச் சேகரிப்பில் சேர்த்துவைத்தார். பின்னர் அது 16 மி.மீ. படச்சுருளாகப் படியெடுக்கப்பட்டுப் பியூனஸ் ஐரிஸ் நகரத் திரைப்பட அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. கீறல்கள் நிறைந்த அந்தச் சுருளில் தொலைந்த காட்சிகள் இருக்கும் செய்தி 2008 ஜூலையில் வெளியாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 4ஆம் நாள் தம் 92ஆம் வயதில் அக்கர்மன் காலமானார். மீட்கப்பட்ட படம் 2010 பிப்ரவரி 12 அன்று பெர்லினில் திரையிடப்பட்டது. சுமார் 25 நிமிடக் காட்சிகள் அதில் கூடுதலாக இருந்தன.