மாரடைப்பு என்று எழுதப்படும் மூச்சிரைப்பு: வடசென்னையின் நுரையீரல் வரலாறு

இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ ஐம்பது வயதில் ஒருவர் இறந்துபோனால், சான்றிதழில் ‘மாரடைப்பு’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அதற்குமுன் பத்து வருடம் அவர் மூச்சிரைப்போடு மாடிப்படி ஏற முடியாமல் நின்றது அந்தத் தாளில் வராது. அவர் இளமையில் காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டது, துறைமுகத்தில் கரி அள்ளியது, சாம்பல் லாரி போகும் சாலையோரம் குடியிருந்தது எதுவும் வராது. நுரையீரல் ஒரு கணக்கு, இதயம் இன்னொரு கணக்கு என்று பிரித்துவிட்டால் தூசுக்குப் பொறுப்பானவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் படிக்க நமக்கு வரலாறு தேவைப்படுகிறது.

நுரையீரல் நோயின் கதையை மருத்துவமனை பீடியிலிருந்து தொடங்கும். நாம் வேலைப் பிரிவினையிலிருந்து தொடங்குவோம்.

ஆலைக்குள் சாதி

பம்பாய் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவுக்குள் தலித் தொழிலாளர்களை விடவில்லை. நாடாவில் நூல் கோக்கும்போது வாயால் உறிஞ்ச வேண்டும். அதனால் தீட்டுப்படும் என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். நெசவில்தான் கூலி அதிகம். 1928 வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இந்தக் கதவு திறக்கப்பட வேண்டும் என்பதை ஒரு தொழிலாளர் கோரிக்கையாகவே முன்வைத்தார். கூலியோடு சேர்ந்து இன்னொன்றும் இதில் இருந்தது. 1950களில் ரிச்சர்டு ஷில்லிங் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் செய்த ஆய்வுகள், பஞ்சைச் சுத்தம் செய்து வாரும் அறைகளில்தான் பஞ்சுத்தூசி நுரையீரல் நோய் கடுமையாக இருக்கிறது என்று காட்டின. வாரவிடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால் நெஞ்சு இறுகும். வருடங்கள் போகப்போக அந்த இறுக்கம் எல்லா நாளும் நிற்கும். எந்த அறையில் நிற்பது என்பதைச் சாதி முடிவு செய்யும் நாட்டில், எந்த அளவு தூசியைச் சுவாசிப்பது என்பதையும் சாதிதான் முடிவு செய்கிறது.

வடசென்னையின் பெரிய ஆலை பெரம்பூரின் பக்கிங்காம் கர்நாடிக் மில். 19ஆம் நூற்றாண்டின் கடைசி 25 ஆண்டுகளில் எழுந்து, 1996இல் மூடப்பட்டது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் இங்கேதான் பிறந்தது. 1921 வேலைநிறுத்தத்தில் புளியந்தோப்பு ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்ததும் இதே ஆலையின் நிழலில்தான். தொழிற்சங்க வரலாற்றில் இந்த இரண்டில் முதலாவது மட்டுமே பெருமையாகப் பேசப்படுகிறது. அந்தக் குடிசைகளில் இருந்தவர்களின் நெஞ்சுக்குள் என்ன இருந்தது என்பதைப் பற்றி இரண்டு தரப்பும் பேசியதில்லை.

உலகம் பார்த்த சென்னை ஆய்வு

ஏழைகளை நீண்டகாலம் பின்தொடர்ந்து ஆய்வு செய்ய முடியாது, இடம் மாறிவிடுவார்கள், மாத்திரை சாப்பிட மாட்டார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அதைப் பொய்யாக்கிய ஊரே சென்னைதான். 1956இல் இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுவே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து நடத்தின. நெரிசலான வீடுகளில் வாழ்ந்த 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு சானடோரியத்திலும் மறு பகுதியினருக்கு வீட்டிலும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களுக்குச் சத்தான சாப்பாடு குறைவு, ஓய்வு குறைவு, இருந்தும் குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. குடும்பத்தினரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை என்பதும் தெரிந்தது. உலகம் முழுவதும் காசநோயாளிகளைத் தனிமைப்படுத்தும் வழக்கம் தளர்ந்ததற்கு இந்த ஆய்வு முக்கியக் காரணம்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மருந்து போதும் என்ற முடிவை அரசுகள் வசதியாக எடுத்துக்கொண்டன. வீடும் சோறும் மறந்துபோயின. சோறு எவ்வளவு முக்கியம் என்பது 2023இல் வெளியான ஜார்கண்ட் ஆய்வில் மீண்டும் நிரூபணமானது. சென்னை நிறுவனமும் பங்கேற்ற அந்த ஆய்வில், காசநோயாளிகளின் குடும்பத்தினருக்கு உணவுப் பொருள் கொடுத்தபோது அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது.

கிருமி செத்தாலும் நுரையீரலில் தழும்பு நிற்கிறது. நாள்பட்ட மூச்சடைப்பு நோய்க்கு பழைய காசநோய் ஒரு காரணம். விறகடுப்புப் புகையும் வேலைத்தலத் தூசியும் மற்ற காரணங்கள். வாழ்நாளில் பீடியே தொடாத பெண்களுக்கு இந்நோய் வருவது இப்படித்தான்.

நுரையீரலிலிருந்து இரத்தக்குழாய்க்கு

ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றை ஒட்டிய ரென்ஃப்ரு, பெய்ஸ்லி என்ற தொழில் நகரங்களில் 1972 முதல் 1976 வரை, 45 முதல் 64 வயதுக்குட்பட்ட 15,000க்கும் மேற்பட்டவர்களை ஊதச் சொல்லி அளந்தார்கள். ஒரு வினாடியில் எவ்வளவு காற்றை வெளியே தள்ள முடிகிறது என்பதே அளவு. பிறகு 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஊதும் திறன் குறைந்தவர்கள் நுரையீரல் நோயால் மட்டும் இறக்கவில்லை. இதயநோயாலும் அதிகம் இறந்தார்கள். புகைபிடிக்காதவர்களிடமும் இந்தத் தொடர்பு இருந்தது. 1993இல் வெளியான அமெரிக்காவின் ஆறு நகரங்கள் ஆய்வு 8,111 பேரைப் பின்தொடர்ந்து, தூசு மிகுந்த நகரத்தில் இறப்பு விகிதம் தூய்மையான நகரத்தைவிட 26 சதவீதம் அதிகம் என்று கண்டது.

உடலுக்குள் நடப்பது இதுதான். நுண்துகள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகிறது. அங்கே ஏற்படும் அழற்சி இரத்தத்தில் கலந்து குழாய்களின் உட்சுவரைத் தாக்குகிறது. சுவர் தடிக்கிறது, விறைக்கிறது, இரத்தம் எளிதில் உறைகிறது. ஆக்சிஜன் குறையும்போது நுரையீரல் குழாய்கள் சுருங்கி, இதயத்தின் வலப்பக்கம் வீங்குகிறது. ஹைதராபாத் புறநகர்க் கிராமங்களில் நடந்து 2020இல் வெளியான ஆய்வு, நுண்துகள் அதிகமுள்ள இடத்தில் வாழ்பவர்களின் கழுத்து இரத்தக்குழாய்ச் சுவர் தடித்திருப்பதைக் காட்டியது.

எல்லைக்கு வெளியே வைக்கப்பட்ட ஊர்கள்

சென்னையிலும் பெரிய ஆய்வுகள் நடந்தன. 1990களின் நடுவில் நடந்த நகர்ப்புற மக்கள் ஆய்வு திருமங்கலத்தையும் தி.நகரையும் எடுத்துக்கொண்டது. 2001இல் தொடங்கிய அடுத்த ஆய்வு 26,001 பேரைச் சேர்த்தது. அன்றைய மாநகராட்சியின் 155 வார்டுகளிலிருந்து தேர்வு செய்தார்கள். திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி அப்போது தனி நகராட்சிகள். 2011இல்தான் மாநகராட்சியோடு இணைந்தன. மாநகரத்துக்கு மின்சாரம், பெட்ரோல், உரம் கொடுத்த ஊர்கள் மாநகரத்தின் உடல்நலக் கணக்குக்கு வெளியே நின்றன.

இந்தக் காலத்தில் அங்கே என்ன நடந்தது? 1960களில் உரத் தொழிற்சாலை, 1969இல் மணலி சுத்திகரிப்பு ஆலை, 1970 முதல் 2017 வரை எண்ணூர் அனல்மின் நிலையம், 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம், பிறகு வல்லூர். 2009இல் நாட்டின் மிக மோசமாக மாசடைந்த 43 தொழிற்பகுதிகளில் ஒன்றாக மணலியை மத்திய அரசே அறிவித்தது. 2011இல் உயர்நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத்தாது இறக்குவது நின்றது. இராயபுரத்துக் கொடியில் காயும் துணியில் கரி படிவது குறைந்தது. ஆனால் கரி ஒழியவில்லை, சுமார் 20 கிலோமீட்டர் வடக்கே எண்ணூர் துறைமுகத்துக்குப் போனது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு கோரமண்டல் இன்டர்நேஷனல் ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். கசிவு அன்றோடு நின்றது. அந்த நுரையீரல்களை அடுத்த பத்து ஆண்டுகளுக்கு யார் பார்ப்பது?

1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் பஞ்சுத்தூசி நோய் இருந்தது, சிலிக்கா தூசி நோய் இருந்தது. மாரடைப்பு இருக்கவில்லை. தொழிற்சாலை மதிலுக்கு வெளியே குடியிருப்பவரின் நோய்க்கு அந்தப் பட்டியலில் இடமே இருக்கவில்லை.

அதனால் நமது கோரிக்கை தெளிவானது. இராயபுரம் முதல் அத்திப்பட்டு வரை, வீடு வீடாக மக்களைப் பதிவு செய்து குறைந்தது இருபது ஆண்டுகள் தொடரும் அரசு ஆய்வு வேண்டும். ஊதும் திறன், இரத்த அழுத்தம், இரத்தக்குழாய்ச் சுவர் மூன்றையும் சேர்த்து அளக்க வேண்டும். சாதி, செய்த வேலை, ஒப்பந்தமா நிரந்தரமா, குடியிருந்த இடம் ஆகியவை பதிவேட்டில் இருக்க வேண்டும். ஒவ்வொரு இறப்புக்கும் குடும்பத்தாரிடம் கேட்டு முழு நோய் வரலாற்றை எழுத வேண்டும். முடிவுகள் தமிழில், தெருவில் வைத்துச் சொல்லப்பட வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. குடிசைக்குள் போய் மாத்திரை கொடுத்து ஐந்து ஆண்டுகள் கணக்கு வைத்த நிறுவனமும் இதே ஊரில்தான் இருக்கிறது. 1956இல் முடிந்தது இன்று முடியாது என்று எந்த அதிகாரியும் நம்மிடம் சொல்ல முடியாது.